வீட்டுச் சாப்பாடு மட்டும்

மதிய இடைவேளையில் ஒட்டிலியா சாப்பிட மாட்டாள், தூங்குவாள். மெஷின் மேல் ஒரு கோட்டுத் துணியை மடித்துப் போட்டு அதில் கன்னத்தை வைத்தால் போதும், மூச்சு சீராகிவிடும். மணி அடித்ததும் எழுந்து, கண்ணைக்கூடத் துடைக்காமல் அடுத்த கைப்பகுதியை ஊசிக்கு அடியில் தள்ளுவாள். எங்கள் ஊர் பியாத்ராவில் ஒரு தையல் ஃபேக்டரியில் அவள் எனக்குப் பக்கத்து மெஷின். நான் மூத்தவள் என்பதால் "தோய்னாக்கா" என்பாள்.

அவளுக்கு ஒரே மகள், இலிங்கா. ஆறு வயதில் அவளுக்கு சீலியாக் நோய் என்று தெரிந்தது. அது தெரிவதற்குள் குழந்தை பட்ட பாடு கொஞ்சமில்லை. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் உப்பிப்போய், எப்போதும் அழுகை. ஒருவர் குடல் புழு என்றார், இன்னொருவர் செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறீர்கள் என்றார். கடைசியில் யாஷ் நகரத்தில் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: கோதுமை, ரை என்ற தானியம், பார்லி, இந்த மூன்றும் குழந்தையின் குடலை அரித்துக்கொண்டிருக்கின்றன, இனி ஒரு துணுக்குகூட உள்ளே போகக்கூடாது. மருந்து என்று எதுவும் கிடையாது. எத்தனை நாளைக்கு என்று ஒட்டிலியா கேட்டாளாம். "ஆயுசுக்கும்" என்றாராம் டாக்டர்.

எங்கள் ஊரில் மேஜையில் ரொட்டி வைக்கவில்லை என்றால் சாப்பாடு இன்னும் வரவில்லை என்று அர்த்தம். ஒட்டிலியா அன்றைக்கே வீட்டிலிருந்து மாவு, ரவை, சேமியா எல்லாவற்றையும் கட்டி வெளியே போட்டாள். ரொட்டி அறுத்த பலகை, மாவு பிசைந்த மரத்தட்டு, பழைய கரண்டி, எதுவும் மிச்சமில்லை. "இந்த வாசப்படிக்கு உள்ள கோதுமை வரக்கூடாது. அவ்வளவுதான்" என்றாள். தனக்கும் சேர்த்துத்தான் அந்தச் சட்டம். காலையில் ஃபேக்டரி வாசலில் ஒரு கொவ்ரிக் வாங்குவாள். எள் தூவிய, வளையம் மாதிரி ரொட்டி. நடந்துகொண்டே தின்றுவிட்டு, குழாயடியில் கையையும் வாயையும் சோப்புப் போட்டுக் கழுவுவாள். மேல்கோட்டில் ஒட்டிய எள்ளைக்கூட ஒவ்வொன்றாகத் தட்டிவிடுவாள். சாயங்காலம் மகள் வந்து கட்டிக்கொள்வாளே, அதற்காக.

அவள் புருஷன் சோரின் லாரி ஓட்டுகிறவன். ஆரம்பத்தில் ஒத்துழைத்தான். பிறகு மாடிப்படித் திருப்பத்தில் நின்று ரொட்டி தின்ன ஆரம்பித்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். "என் வீட்டு வாசல்ல நானே திருடன் மாதிரி நின்னு திங்கறேன், தோய்னாக்கா" என்று என்னிடமே ஒருதடவை சொன்னான். அவர்கள் பிரிந்ததற்கு ரொட்டிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் களைத்துப் போயிருந்தார்கள். இலிங்காவுக்கு எட்டு வயதான அந்த இலையுதிர் காலத்தில் அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மிரேலா வீட்டுக்குப் போய்விட்டான். மிரேலா முடி திருத்தும் கடை வைத்திருப்பவள், ஒட்டிலியாவைவிட இளையவள், குழந்தை கிடையாது.

ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை சோரின் வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போவான். ஞாயிறு சாயங்காலம் கொண்டுவந்து விடுவான். திங்கள்கிழமை ஃபேக்டரியில் எனக்கு அந்தக் கதை வரும்.

"வயிறு வலின்னு காலையில சுருண்டு படுத்துட்டாக்கா. அந்த மகராசி என்னத்தக் கொடுத்தாளோ."

"பிள்ளையக் கேட்டியா?"

"கேட்டேன். ஒண்ணும் சாப்பிடலம்மா, மிரேலா எனக்குன்னு தனி வாணலி வெச்சிருக்காங்கறா. சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கா, பாத்தியா?"

நானும் தலையாட்டினேன். பக்கத்து மெஷின்காரி வேறு என்ன செய்வாள்?

குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கே போனாலும் டப்பாவோடு போவாள். பள்ளியில் யாருக்காவது பிறந்தநாள் என்றால், கேக்கை வெட்டும் முன்பே "எனக்குப் பசிக்கல" என்று சொல்லிவிடுவாள். யாரும் கேட்டுச் சங்கடப்பட வேண்டாம் என்று. ஒன்பது வயதுக் குழந்தைக்கு அந்த நாசூக்கு தேவையே இல்லை.

அக்டோபரில் யாஷுக்குப் போக வேண்டியிருந்தது. ஒட்டிலியாவிடம் கார் இல்லை, நான்தான் ஓட்டிப் போனேன். ரத்தத்தில் அந்த நோய்க்கென்று ஓர் அளவு பார்ப்பார்கள். முதல் வருஷம் நன்றாக இறங்கியிருந்தது. போன வருஷம் கொஞ்சம் ஏறியது. இந்தத் தடவை இன்னும் ஏறியிருந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு இலிங்காவிடம் மெதுவாகக் கேட்டார், "செல்லம், எங்கயாவது ஒரு பிஸ்கட், ஒரு துண்டு ரொட்டி? நான் திட்ட மாட்டேன்."

இலிங்கா இல்லையென்று தலையாட்டினாள். இரண்டாவது தடவையும் கேட்டபோது அழுதுவிட்டாள்.

"அவளாத் திங்கல டாக்டர். அவங்க அப்பா வீட்ல கொடுக்கறாங்க" என்றாள் ஒட்டிலியா.

திரும்பும் வழியில் காரிலிருந்தே சோரினைக் கூப்பிட்டாள். குழந்தை பின்சீட்டில் இருப்பது அவளுக்கு மறந்தே போய்விட்டது போல.

"அடுத்த டெஸ்ட் வரைக்கும் பிள்ளைய அனுப்ப மாட்டேன். மூணு மாசம் என் வீட்டுச் சாப்பாடு மட்டும். அப்புறம் பாப்போம், யாரு கொடுக்கறான்னு."

அந்தப் பக்கம் சோரின் கத்துவது எனக்கே கேட்டது. "என்னடி, நாங்க என்ன அவளுக்கு விஷமா வெக்கறோம்? கோர்ட்டுக்குப் போவேன், தெரிஞ்சுக்கோ!"

"போ. ரிப்போர்ட் எங்கிட்ட இருக்கு."

கண்ணாடியில் பார்த்தேன். இலிங்கா ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியில் ரோமன் என்ற ஊரைத் தாண்டினோம். அப்புறம் குழந்தைதான் மெல்லக் கேட்டாள், "அம்மா, மிரேலா என் முடிய வெட்டிவிடறேன்னு சொன்னாளே, அதுக்கு மட்டும் போலாமா?"

"வேண்டாம்" என்றாள் ஒட்டிலியா.

சோரின் கோர்ட்டுக்குப் போகவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமை வந்து கீழே நின்று ஹாரன் அடித்தான். பிறகு வருவதை நிறுத்திவிட்டான். ஒட்டிலியாவுக்கு இப்போது சனி ஞாயிறுகூட இல்லை. முன்பு மகள் இல்லாத அந்த இரண்டு நாளில்தான் துணி துவைப்பாள், தூங்குவாள். இப்போது ஏழு நாளும் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அவள் கைதான். அரிசி, உருளைக்கிழங்கு, முட்டை, முட்டைக்கோஸுக்குள் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டியது. குளிர் அதிகமாக அதிகமாக மமலீகா, நம் மக்காச்சோளக் களி. சூடாகக் கிண்டி, ஆட்டுப்பால் சீஸும் புளிப்புப் பாலாடையும் போட்டால் இலிங்கா இரண்டு தட்டு சாப்பிடுவாள். "களி ஒண்ணுதான் எங்க பொண்ணு மத்தவங்க மாதிரியே உக்காந்து திங்கற சாப்பாடு" என்பாள் ஒட்டிலியா. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும்.

டிசம்பரில் ஒரு சாயங்காலம், ஷிஃப்ட் முடிந்து நாங்கள் வெளியே வரும்போது ஃபேக்டரி வாசலில் மிரேலா நின்றிருந்தாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. கையில் பரிசுப் பொட்டலம். எத்தனை நேரமாக நின்றாளோ, தொப்பி முழுக்க வெள்ளை.

"ஒட்டிலியாக்கா, ஒரு நிமிஷம். நீங்க ஒருதடவை வந்து எங்க சமையலறையப் பாத்துட்டுப் போங்க. எந்த அலமாரிய வேணா திறந்து பாருங்க. என்ன தப்புன்னு காட்டினீங்கன்னா மாத்திக்கறேன்."

ஒட்டிலியா நிற்கக்கூட இல்லை. "அக்கான்னு கூப்பிடாத."

"இது அவளுக்குக் கிறிஸ்துமஸுக்கு. சாப்பாடு இல்ல, ஸ்வெட்டர்தான்."

அப்போதுதான் ஒட்டிலியா திரும்பினாள். "பிள்ளைய மூணு வருஷமா நான் வாந்தியோட தூக்கியிருக்கேன். அதெல்லாம் பெத்தவளுக்குத்தான் தெரியும். உனக்கு எப்படித் தெரியும்?"

மிரேலா பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பேருந்து நிறுத்தம் வரை அவளோடு நடந்தேன். "அதிகமாப் பேசிட்டே" என்றேன். "எனக்குத் தூக்கம் வருதுக்கா" என்றாள்.

ஸ்வெட்டரை நான் கிறிஸ்துமஸுக்கு என் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். கை கொஞ்சம் நீளமாக இருந்தது. குழந்தை வளரும் என்று நினைத்து வாங்கியிருப்பாள். ஆனால் இலிங்கா வளரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் வாயெல்லாம் புண். சீப்பில் முடி கொத்தாக வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பூட்ஸைக் கழற்றாமலே படுத்துவிடுவாள். ஒட்டிலியாவிடம் சொன்னேன். "பழைய விஷம் இறங்கணும்ல. டெஸ்ட் வரட்டும்" என்றாள். அதை அவள் நம்பினாள். நம்பாமல் அவளால் காலையில் எழுந்திருக்க முடிந்திருக்காது.

ஜனவரி கடைசியில் மறுபடி யாஷ். இந்தத் தடவை நானும் உள்ளே போனேன். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், ஒட்டிலியாவைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"இந்த மூணு மாசமும் உங்க வீட்டுச் சாப்பாடு மட்டும்தானே?"

"ஆமா டாக்டர். அவங்க அப்பா வீட்டுக்கு ஒருநாள்கூட அனுப்பல."

"இன்னும் ஏறியிருக்கும்மா. இதுவரைக்கும் இருந்ததிலயே இதுதான் அதிகம்."

ஒட்டிலியா கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். குழந்தையை வராந்தாவில் மீன் தொட்டி பார்க்க அனுப்பினேன்.

டாக்டரம்மா நல்ல மனுஷி. குறை சொல்லவில்லை. காலையில் என்ன, மதியம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அரிசி எந்தக் கடை, தொத்திறைச்சியில் என்ன முத்திரை, மசாலாப் பொடி என்ன. எல்லாவற்றுக்கும் ஒட்டிலியாவிடம் பதில் இருந்தது. உறையின் பின்பக்கம் எழுதியிருந்ததைக்கூட மனப்பாடமாகச் சொன்னாள்.

"மக்காச்சோள மாவு?"

"அது சுத்தம் டாக்டர். கடையில வாங்கறதில்ல. எங்க அண்ணன் நிலத்துச் சோளம். ஒரு வருஷமா அவர்தான் மூட்டை போட்டு அனுப்பறார்."

"எங்க அரைக்கறார்?"

"ஊர் மில்லுல."

"அங்க கோதுமையும் அரைப்பாங்களா?"

ஒட்டிலியா கையுறையை மேஜை மேல் வைத்துவிட்டாள். அவள் பிறந்து வளர்ந்த ஊர் அது. அந்த மில்லில் என்ன அரைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

"எந்த மாசத்துலேருந்து அந்த மாவு?"

"அவ அப்பா போன... முந்தின இலையுதிர் காலத்துல. அவர் போனதும் அண்ணன் உதவியாக் கொண்டுவந்தார்." பிறகு, யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாத மாதிரி சொன்னாள், "ஞாயித்துக்கிழமை அவ திரும்பி வர்றப்போ சூடாக் களி கிண்டி வெப்பேன். ரெண்டு நாள் பிரிஞ்சு இருந்தாளேன்னு."

டாக்டரம்மா எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். ஒட்டிலியா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நேராக வீட்டுக்குப் போகலாம் என்றேன். "இல்லக்கா, ஊருக்கு விடு" என்றாள். பெரிய சாலையிலிருந்து பிரிந்து சேறும் பனியுமான பாதையில் போனோம். மில் வாசலில் குழந்தையை இறங்க விடவில்லை. "கண்ணாடிய ஏத்திட்டு உள்ளயே இரு" என்றாள்.

உள்ளே போனதும் எல்லாம் தெரிந்துவிட்டது. கேட்கவே வேண்டியதில்லை. ஒரே அரவைக் கல். சுவர், விட்டம், சாக்கு, மில்காரரின் புருவம், எல்லாவற்றின் மேலும் வெள்ளை மாவு படிந்திருந்தது. யாரோ ஒருவரின் கோதுமை அரைபட்டுக்கொண்டிருந்தது. வரிசையில் அடுத்து நின்றது ஒரு சோள மூட்டை.

செய்தி போய் அவள் அண்ணன் நிகுலாய் மேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது.

"ஏ ஒட்டி, நம்ம மண்ணுல வெளஞ்சதா விஷம்? அப்பா காலத்துலேருந்து இதைத்தானே தின்னோம்?"

"சோளம் விஷம்னு நான் சொல்லலண்ணா. இந்தக் கல்லு."

"கல்லு! கோதுமைக்கு அப்புறம் போடறப்போ முதல் ரெண்டு படிய எடுத்துக் கோழிக்குப் போட்டுட்டுத்தான் பிள்ளைக்குன்னு மூட்டை கட்டுவேன். அவருகிட்டயே கேளு!"

மில்காரர் தலையசைத்தார். "ஆமாம்மா, கோழிக்குத்தான் போடுவாரு. நான்கூடக் கேலி பண்ணுவேன்."

நான் ஒட்டிலியாவைப் பார்த்தேன். அண்ணனைத் திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அது போதாதுண்ணா" என்றாள். "எனக்கே தெரிஞ்சிருக்கணும். எல்லா உறையையும் திருப்பித் திருப்பிப் படிச்சேன். இது உன் கையால வந்துச்சு, அதனால பாக்கல."

நிகுலாய்க்கு அது இன்னும் கோபத்தைத்தான் கிளப்பியது. "அப்போ இனிமே எங்க வீட்டுச் சாமான் உனக்கு வேண்டாம், அப்படித்தானே?" என்று சொல்லிவிட்டு, குழந்தையைக்கூடப் பார்க்காமல் மேடேறிப் போய்விட்டார்.

காரில் ஏறியதும் ஒட்டிலியா பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை. "இலிங்கா, உனக்கு உடம்பு கெட்டது அப்பா வீட்டால இல்ல. நம்ம வீட்டுக் களியால. மாவுல கோதுமை கலந்திருக்கு. நீ சொன்னது நிஜம். நான்தான் நம்பல."

குழந்தை கத்துவாள், அல்லது நான்தான் அப்பவே சொன்னேனே என்பாள் என்று காத்திருந்தேன். அவள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தாள்.

"அப்போ இந்த வெள்ளிக்கிழமை அப்பா வீட்டுக்குப் போலாமா?"

"போலாம்" என்றாள் ஒட்டிலியா. பிறகு முன்பக்கம் திரும்பி, சீட் பெல்ட்டை மாட்டத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தாள். நான்தான் மாட்டிவிட்டேன்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் மிரேலாவின் கடைக்குப் போனோம். தனியாகப் போகிறாயா என்று கேட்டேன். "நீயும் வா, இல்லாட்டி வாசல்லேருந்தே திரும்பிடுவேன்" என்றாள். மிரேலா ஒரு அம்மாளுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்ணாடியில் பார்த்தாள். கத்தரி நின்றது, பிறகு ஓடியது.

"உக்காருங்க. முடிச்சுட்டு வர்றேன்."

"நின்னுட்டே சொல்லிடறேன். பிள்ளைக்கு ரத்தத்துல இன்னும் ஏறியிருக்கு. கோதுமை என் வீட்லதான் இருந்துச்சு, மாவுல. உன் மேல தப்பில்ல."

கடையில் இருந்த இன்னொருத்தி பத்திரிகையைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். ஒட்டிலியா அதைப் பொருட்படுத்தவில்லை. அவளாகவே நாலு பேர் முன்னால் சொன்ன பழி, நாலு பேர் முன்னாலேயே இறங்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

மிரேலா கத்தரியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "மேல் வீட்டுப் பொம்பளை எங்கிட்டக் கேட்டா, 'புருஷனோட பிள்ளைக்கு என்னமோ கலந்து கொடுக்கறியாமே'ன்னு. அது எங்கேருந்து போச்சு?"

"எங்கிட்டேருந்துதான் போயிருக்கும்."

"பெத்தவளுக்குத்தான் தெரியும்னீங்க."

"சொன்னேன்."

"அத என்னால மறக்க முடியாது. முயற்சியும் பண்ண மாட்டேன்." அவள் கண் ஒட்டிலியா மேலேயே இருந்தது. "இலிங்கா வேற விஷயம். அவகிட்ட இதையெல்லாம் காட்ட மாட்டேன். வெள்ளிக்கிழமை சோரின் வருவான். ஆறு மணிக்கு."

"சரி."

"கோதுமை கலக்கலன்னு முத்திரை போட்ட சோள மாவு எந்தக் கடையில கிடைக்கும்னு வேணும்னா சொல்றேன்."

அது குத்தலா, உதவியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒட்டிலியா கேட்டுக்கொண்டாள். கடைப் பெயரை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த வாரம் அவள் மாவு மூட்டையைக் குப்பைக்குக் கொண்டுபோனாள். களி கிண்டும் மரக்கோலை எறிந்தாள். அலமாரியின் மூலை மூலையாகத் துடைத்தாள். மூன்று வருஷத்துக்கு முன் செய்ததையே மறுபடி முதலிலிருந்து. நான் உதவிக்குப் போயிருந்தேன். நடுவில் தரையில் உட்கார்ந்தவள், "அக்கா, எனக்கு இப்ப எதப் பாத்தாலும் பயமா இருக்கு. உப்பக்கூட நம்பத் தோணல" என்றாள். நான் துணியைப் பிழிந்து அடுத்த அலமாரியைத் துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு சோரின் வந்தான். திட்ட நிறைய வைத்திருந்திருப்பான். ஆனால் மகளின் கையைப் பிடித்துப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. "இவ்ளோ மெலிஞ்சிட்டாளே ஒட்டி" என்றான். அவ்வளவுதான். அந்தச் சனி ஞாயிறு ஒட்டிலியா தூங்கினாள். ஞாயிறு மதியம் நான் கதவைத் தட்டியபோதுகூடத் தூக்கக் கலக்கத்தோடுதான் திறந்தாள்.

வசந்தத்தில் எடுத்த ரத்தத்தில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. முழுதாக இறங்க இன்னும் நாளாகும் என்றார் டாக்டரம்மா. வாய்ப்புண் ஆறியது. இலிங்கா களியை மட்டும் தொடுவதில்லை. முத்திரை போட்ட மாவில் கிண்டி வைத்தாலும் தட்டைத் தள்ளிவிடுவாள். அதை ஒட்டிலியா வற்புறுத்துவதில்லை. நன்றாகச் சாப்பிட இருந்த ஒரே சாப்பாடும் போயிற்று என்று என்னிடம் மட்டும் சொல்வாள்.

நிகுலாய் ஈஸ்டர் வரை பேசவில்லை. ஈஸ்டருக்கு மறுநாள் வாசலில் ஒரு மூட்டையை இறக்கிவிட்டு, உள்ளே வராமலே நின்றாராம். "உருளைக்கிழங்கு. இத எவனும் எங்கயும் அரைக்கல" என்றாராம். ஒட்டிலியா சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்திருக்கும், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனாராம்.

ஜூன் மாதம் ஒருநாள் ஒட்டிலியா ஒரு பையை என் மெஷின் மேல் வைத்தாள். இலிங்காவின் பள்ளிக் கால்சட்டைகள் மூன்று.

"எல்லாம் கணுக்காலுக்கு மேல ஏறிப்போச்சுக்கா. அடிமடிப்பப் பிரிச்சு இறக்கி விடணும். நேத்து ராத்திரி உக்காந்தேன், ஊசியில நூலே கோக்க முடியல, கண்ணு சொருகுது. நீ போட்டுத் தர்றியா?"

"வெச்சுட்டுப் போ" என்றேன். அவள் துணியை மடித்துப் போட்டு, கன்னத்தை வைத்துக்கொண்டாள். நான் பழைய தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன்.